நாலு பீப்பாயா, அஞ்சா?

செல்லக்கண்ணு சிங்கப்பூர் ஆற்றோரக் கிடங்கு ஒன்றில் பீப்பாய்களை எண்ணி, கிரேன்காரருக்கு விசில் கொடுப்பவர். கிரேன் இரண்டாயிரம் ராத்தல் (பவுண்டு) எடைதான் தாங்கும். தேங்காய் எண்ணெய்ப் பீப்பாய் என்றால் ஒரு தடவைக்கு நாலு. ஆறு வருடமாக அதே கணக்கு.

1957இல் ஒரு காலை, முதன்முறையாகச் சர்க்கரை ஆலைப் பாகு வந்தது. அதே பீப்பாய், அதே நாற்பத்து நாலு காலன். நாலு எண்ணி விசிலடித்தார். பாதி உயரத்தில் கயிறு அறுந்து, பீப்பாய்கள் ஆற்றில் மூழ்கின. நல்லவேளை, கீழே யாருமில்லை.

"அஞ்சு ஏத்திட்டே லா!" என்றார் மேற்பார்வையாளர் நெய்னா முகம்மது.

"நாலுதாண்ணே."

"நாலுக்குக் கயிறு அறுந்துடுமா?"

வீட்டுக்கு நடக்கையில் செல்லக்கண்ணுவுக்குத் தன் எண்ணிக்கை மேலேயே சந்தேகம் வந்தது. ஒருவேளை அஞ்சோ? கண்ணை மூடினால் நாலும் தெரிந்தது, அஞ்சும் தெரிந்தது.

மறுநாள் தேக்கா சந்தையில் சாகுல் ஹமீது மளிகைக் கடையில் எண்ணெய் ஒரு போத்தலும் தேன் ஒரு போத்தலும் வாங்கினார். ஒரே அளவுப் போத்தல்கள். ஆனால் தேன் பிடித்த கை தாழ்ந்தது.

"பாய், ரெண்டையும் தராசுல வைங்க."

தேன்தான் கனம். செல்லக்கண்ணு ஒரு காலிப் போத்தலில் கிடங்குப் பாகை நிரப்பி அதே தராசுக்கு எடுத்து வந்தார்; பிறகு அதே போத்தலில் தண்ணீரையும் நிரப்பி நிறுத்தார். போத்தல் எடையைக் கழித்தால், தண்ணீர் இருபது அவுன்ஸ், பாகு இருபத்தெட்டு. ஒரு காலன் தண்ணீர் பத்து ராத்தல் என்றால் பாகு பதினாலு. நாற்பத்து நாலு காலனுக்கு அறுநூற்றுப் பதினாறு. காலிப் பீப்பாய் நாற்பத்தெட்டு. மொத்தம் அறுநூற்று அறுபத்து நாலு. நாலு பீப்பாய் இரண்டாயிரத்து அறுநூறைத் தாண்டியது.

இதைக் கேட்ட நெய்னா முகம்மது நம்பாமல் ஒரு பீப்பாயைக் கிடங்கின் பெரிய தராசில் ஏற்றினார். அறுநூற்று நாற்பது.

"இருபத்து நாலு ராத்தல் எங்கே போச்சு?"

செல்லக்கண்ணு மூடியைத் திறந்து விரலை விட்டார். மேலே இரண்டு விரல் அகலம் காலியாக இருந்தது.

"முழுசா ரொப்பலண்ணே!"

நெய்னா முகம்மது மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். "அப்படின்னாலும் நாலு தாங்காது. நான்தான் தப்பாப் பேசிட்டேன், செல்லக்கண்ணு."

அன்றிலிருந்து பாகுக்கு மூன்று. எந்தச் சரக்கு புதிதாக வந்தாலும் ஒரு போத்தல் நிறைய எடுத்துக்கொண்டு செல்லக்கண்ணு தராசைத் தேடிப் போனார். ஒரே அளவில் ஒன்று ஏன் கனக்கிறது, இன்னொன்று ஏன் லேசாயிருக்கிறது என்று மட்டும் யார் கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.