எதிரணியில் கண்ணாடி போட்டவர்

“இவ கத்துனா மேயற ஆடுகூடத் திரும்பிப் பாக்காது. இவ பேச்சைக் கேக்க ஆளுங்க உக்காந்திருப்பாங்களாக்கும்!”

கல்லூரிப் பட்டிமன்றத்தில் பேசப்போகிறேன் என்று சொன்னதற்குப் பெரியப்பா சொன்னது இது. எடமலைப்பட்டி புதூரில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மற்ற எல்லோரும் கைநாட்டு. யாரும் கேட்காவிட்டாலும் இதை நான் சொல்லிவிடுவது வழக்கம். ஆடு திரும்பிப் பார்க்காவிட்டால் போகிறது, ஊரைத் திரும்பிப் பார்க்க வைப்பது என்று அன்றே தீர்மானித்தேன்.

‘இல்லறம் இனிப்பது பெரியோர் பார்த்த திருமணத்திலா, காதல் திருமணத்திலா?’ என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எனக்குப் பெரியோர் அணி விழுந்தது. எனக்கு அதில் ஒரு கருத்தும் கிடையாது. சீட்டு மாறி விழுந்திருந்தால் காதலுக்காக அதே தொண்டையில் கத்தியிருப்பேன். ஆனால் அன்று நான் காதலைக் கிழித்த கிழியில் மண்டபம் அதிர்ந்தது. அதோடு என் தலையெழுத்து முடிவாகிவிட்டது. திருச்சியில் யார் பட்டிமன்றம் வைத்தாலும் காதலை எதிர்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். காதலை ஆதரிக்க ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டார்கள். வேறு கல்லூரி மாணவர், பாத்திரக்கடைக்காரர் மகன், கண்ணாடி போட்டவர். அவர் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஒரு கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் வந்தார்.

“நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா என்னை இன்னும் கொஞ்சம் பலமா அடிச்சிருக்கலாம்.”

“எங்க அடிக்கறது? நீங்க பேசுனதுல பிடிமானமே இல்லையே.”

“அதான் சொல்றேன். மூஞ்சியப் பாத்து அடிச்சிருக்கலாம்.”

அடுத்த மேடையில், “காதல் காதல் என்கிறாரே எதிரணி நண்பர், அவர் தெருவில் போனால் நாய்கூட நின்று குரைப்பதில்லை. இவரை யார் காதலிக்கப்போகிறார்கள்?” என்றேன். கைதட்டல் அடங்கவே இல்லை. அந்த வரி அவரே எழுதிக் கொடுத்தது. பஸ் நிறுத்தத்தில், “நாய் நல்லா எடுபட்டுதுல்ல?” என்று பெருமையாகக் கேட்டார். தன்னைத் திட்டுவதற்குத் தானே உட்கார்ந்து இப்படி உழைக்கிற மனிதரை நான் பார்த்ததில்லை. அங்கேதான் எனக்குச் சறுக்கியது.

ஊருக்கு நாங்கள் பாம்பும் கீரியும். மேடை போடுகிறவர்கள் எங்களை ஆளுக்கொரு கோடியில் உட்கார வைத்தார்கள். அடித்துக்கொள்வோமோ என்று பயந்து டீயைக்கூடத் தனித்தனி அறையில் கொடுத்தார்கள். சாதி வேறு வேறு என்பதால் அந்த வேஷம் எங்களுக்கும் வசதியாக இருந்தது.

ஒருநாள் காவிரிப் பாலத்தில் டவுன் பஸ் பழுதாகி நின்றபோது கேட்டார். “மேடையில ரெண்டு கட்சி. வீட்டுல ஒரே கட்சியா இருந்துடலாமா?”

“தீர்ப்புச் சொல்ல நடுவர் வேணாமா?”

“வேணாங்க. ரெண்டு பேரும் ஜெயிச்சதா வச்சுக்குவோம்.”

தன் அப்பாவிடம் தானே சொல்வதாகவும் சொன்னார். மேடையில் காதலுக்காக உயிரைக் கொடுப்பவர், வீட்டில் அப்பாவிடம் இன்னொரு தோசை கேட்கவே யோசிப்பார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கோளாறு சமயபுரத்துப் பட்டிமன்றத்தில் வந்தது. அன்று என் அம்மாவும் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து, “சற்று முன் பேசிய திரு...” என்றேன். மேலே வரவில்லை. “திரு...” என்றேன் மறுபடியும். இத்தனை நாள் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அது சாமி பெயர். அந்தச் சாமி கோயிலுக்குப் போனால்கூட “மேலக் கோயிலுக்குப் போயிட்டு வரேன்” என்பார். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் என்னை முன்னால் தள்ளுவார். “சொன்னா வாய்ல கொப்புளமா வந்துரும்?” என்று எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். நான் படித்தவள் அல்லவா!

“திரு... எதிரணியில் கண்ணாடி போட்டவர் சொன்னார்” என்றேன்.

எதிரணியில் மூன்று பேருமே கண்ணாடி. கடைசியில் இருந்த வாத்தியார் திடுக்கிட்டு எழுந்து, “நான் ஒண்ணும் சொல்லலையேம்மா” என்றார்.

நடுவர் மணியைத் தட்டினார். “பேரைச் சொல்லி அடிங்கம்மா. அடி யாருக்குன்னு தெரிய வேணாமா?”

நான் விரலை மட்டும் நீட்டிக் காட்டினேன். கூட்டத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. “பேரைக்கூடச் சொல்ல மாட்டேங்குது பாத்தியா! அம்புட்டு வெறுப்பு!” உடனே கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. முதல் பரிசாக ஒரு பித்தளைக் குடமும் கிடைத்தது. கைதட்டாமல் உட்கார்ந்திருந்தது அம்மா ஒருவர்தான்.

மறுநாள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார். “அந்தப் பையன் பேரு என்னடி?”

“எந்தப் பையன்?”

“கண்ணாடி.”

“மறந்துபோச்சும்மா.”

“எனக்கும் ஒங்கப்பா பேரு அப்படித்தான் மறந்துபோச்சு” என்றார் அம்மா.

அந்த மேடைப் பேச்சுக்குப் பலன் வேறு விதமாகவும் வந்தது. லால்குடிப் பக்கத்து நெல் வியாபாரி வீட்டம்மா சமயபுரத்தில் என்னைக் கேட்டுவிட்டு, மருமகள் என்றால் இப்படிப்பட்ட பெண்தான் வேண்டும் என்று ஆள் அனுப்பிவிட்டார். பெரியப்பா அவர்களிடம், “காதல்னு காதுல விழுந்தாலே எங்க புள்ளைக்குக் குமட்டும்ங்க” என்று உத்தரவாதம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாக முடிவானது.

நான் நேராகப் பெரியப்பாவிடமே போனேன். “பெரியப்பா, நான் ஒருத்தரை விரும்பறேன். அவரைத்தான் கட்டிக்குவேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். “அசந்துட்டேன் போ! நெசமாட்டமே பேசறியே. இந்தத் தடவை அந்தப் பக்கமா சீட்டு விழுந்துச்சா?”

அழுது பார்த்தேன். “அழுகையும் பழகிட்டியா!” என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். காதலுக்கு எதிரி என்று மேடையில் நான் கட்டிய பெயர் நானே சொல்லியும் இடியவில்லை.

அம்மா மட்டும் பரிசுக் குடத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். “இதுல பேரு வெட்டாம இருக்கு. எந்தக் கடையில வாங்குனாங்களோ அங்கயே சும்மா வெட்டித் தருவாங்களாம். போயிட்டு வா.”

எந்தக் கடை என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இடுப்பில் குடத்தோடு ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அவர் அப்பா என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, “வாங்கம்மா, வாங்க! நீங்கதானே எங்க பையனை மேடைக்கு மேடை அந்த வாங்கு வாங்கறது? நல்லா வாங்குங்க. வீட்டுல வாயே திறக்காதவன் அங்க வந்து என்ன பேச்சுப் பேசறான்!” என்றார். கடைக்குள் நின்றிருந்த மகன் அண்டாக்களுக்குப் பின்னால் நகர்ந்தார். கண்ணாடி மட்டும் மேலே தெரிந்தது.

பெரியவர் குடத்தை மடியில் சாய்த்து, சின்ன உளியையும் சுத்தியையும் எடுத்தார். என் பெயரைச் சொன்னேன். டொக் டொக்கென்று புள்ளி புள்ளியாக வெட்டி முடித்தார்.

“அதுக்குப் பக்கத்துல இன்னொரு பேருங்க.”

“சொல்லுங்கம்மா.”

சொன்னேன். கடை அதிரும்படி, மேடைக் குரலில், முழுசாகச் சொன்னேன். வாயில் கொப்புளம் எதுவும் வரவில்லை. அண்டாக்களுக்குப் பின்னால் ஏதோ உருண்டு விழுந்தது.

பெரியவர் முதல் எழுத்தை வெட்டினார். இரண்டாவதையும் வெட்டினார். மூன்றாவதில் சுத்தி அந்தரத்தில் நின்றது. பிறகு தலையைத் தூக்காமலே, “இனிஷியல் என்னம்மா?” என்று கேட்டார்.

“உங்க பேரோட முதல் எழுத்துதாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்” என்று சொல்லிவிட்டு, குடத்தை அவர் மடியிலேயே விட்டு வந்து பஸ் ஏறினேன்.