போஸ்ட்டும் போஸ்டிங்கும்

எங்கள் பக்கத்தில் வேலை என்றால் போஸ்டிங். மற்றதெல்லாம் சும்மா போய்வருவது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த என் தம்பியைக்கூட 'கம்பெனிக்குப் போறான்' என்றுதான் அம்மா சொல்வாள், வேலையில் இருக்கிறான் என்று சொல்ல மாட்டாள். ஆயுசெல்லாம் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிடையரானவள் அவள். ஆகவே, பிஎச்.டி. முடித்துவிட்டு வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த நாளில், போஸ்ட்-டாக் கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னபோது அவள் காதில் ஏறியது முதல் பாதி மட்டும்தான்.

இது தற்காலிகம், ஆராய்ச்சித் திட்டம் முடிந்தால் என்னையும் அனுப்பிவிடுவார்கள் என்று விளக்கினேன். கவர்மென்ட் பணம்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தொலைந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், அம்மா நன்றிக்காகப் போட்ட ஸ்தோத்திர காணிக்கையை வாசித்த போதகர், என் பெயரைச் சொல்லி, "வேலூரில் நிரந்தரப் போஸ்டிங் கிடைத்ததற்காக" என்று வாசித்தார். அந்த 'நிரந்தர'த்தைச் சேர்த்தது அம்மாவா, காணிக்கைக் கவரை வாங்கியவரா, இன்றுவரை தெரியாது. சபை மொத்தமும் ஆமென் சொன்னது. நடுவில் எழுந்து நின்று, ஐயா அது போஸ்டிங் இல்லை என்று சொல்ல முடியுமா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஆமென் சொன்ன சூட்டோடு சம்பந்தம் வந்தது. அதே சபையைச் சேர்ந்த பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய அம்மாவிடம் நானே உண்மையைச் சொன்னேன். பொண்ணு ரொம்ப அடக்கமா பேசுது என்று பூரித்துப்போனார் அந்த அம்மா. வாத்தியாரிடம் தனியாகச் சொன்னபோது அவருக்கு மட்டும் புரிந்தது.

"அப்ப பெர்மனென்ட் ஆகறதுக்கு இன்னா பண்ணணும்?"

"படிகம் வளக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது எனக்கு. நிச்சயம் முடிந்தது. நான் நிரந்தரமான பிறகுதான் கல்யாணம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

படிகக் கதை இதுதான். எங்கள் தெருக்கோடியில் தோல் பதனிடும் ஒரு பழைய ஷாப். சாறு எடுத்த ஆவாரம்பட்டைச் சக்கையைப் பின்பக்கம் மலையாகக் கொட்டியிருந்தார்கள். தோல் என்பது புரதம். பட்டைச் சாறு அந்தப் புரதத்தை இறுக்கிப் பிடிப்பதால்தான் தோல் அழுகாமல் செருப்பாகிறது. என்சைமும் புரதம்தான், அந்தச் சாறு பட்டால் அதுவும் விறைத்துச் சாக வேண்டும். ஆனால் எங்கள் சக்கை மலை அடியில் மக்கிக்கொண்டே இருந்தது. ஏதோ ஒரு கிருமி, சாகாத ஓர் என்சைமை வைத்துக்கொண்டு பட்டை நாரை அறுத்துத் தின்றுகொண்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ளி வந்து, அந்தக் கிருமியைப் பிரித்து, என்சைமையும் பிரித்தெடுத்தேன். அது எப்படிப் பிழைக்கிறது என்று தெரிய அதன் உருவம் தெரிய வேண்டும். உருவம் தெரிய, அதைப் படிகமாக வளர்த்து எக்ஸ்ரே அடிக்க வேண்டும். படிகத்தைக் காட்டு, டிபார்ட்மென்டில் காலியாக இருக்கும் இடம் உனக்குத்தான் என்று ஆய்வுக்கூடத் தலைவரான சார் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த என்சைமுக்குக் கால்சியம் வேண்டும். சார் சொன்ன கரைசலிலோ பாஸ்பேட் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் உப்பாகத் திரண்டுவிடும் சார், மாற்றிவிடலாம் என்றேன். அவர் வெளிநாட்டில் கற்றுவந்த கரைசலாம், கை வைக்காதே என்றார். கடைசியில் ஒரு சொட்டில் படிகம் தெரிந்தது. ஒன்றே ஒன்று, கண்ணாடிச் சில்லு மாதிரி பளபளவென்று. ஆனாலும் சந்தேகம். ஊசி முனையால் குத்தினால் தெரிந்துவிடும்: புரதப் படிகம் வெண்ணெய் போல நசுங்கும், உப்பு டக்கென்று உடையும். குத்திப் பார்க்கிறேன் என்றதற்கு, இருப்பதே ஒன்று, அதையும் உடைக்கப் பார்க்கிறாயா என்று எரிந்து விழுந்தார். அன்றே எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார். நானும் வாத்தியாருக்குச் சொன்னேன். எங்கள் அம்மாக்கள் கல்யாணத்துக்கு நாள் பார்க்க ஆரம்பித்தார்கள்.

எக்ஸ்ரே இயந்திரம் இருந்த ஊருக்குப் படிகத்தை எடுத்துப் போனோம். அடித்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. உப்பு. சுத்தமான உப்பு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள், எனக்கு வெண்ணெயே திரளவில்லை. அங்கே இருந்த அத்தனை பேர் முன்னாலும் சார் என் பக்கம் திரும்பினார்.

"ஆம்பூர்க்காரி நீ. பச்சைத்தோலுக்குப் போடறது உப்பு, கெணத்துத் தண்ணி உப்பு. ஒனக்கு உப்பு தெரியலையாம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். கரைசல் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. திட்டம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. காலியிடத்துக்கு வேறொருவர் வந்தார்.

வாத்தியாருடைய அம்மா மகனோடு எங்கள் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை.

"போஸ்டிங்னு கோயில்ல வச்சே சொன்னீங்களே. கர்த்தர் சந்நிதில பொய் சொல்லலாமா?"

என் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாம் தெரிந்த அவர் தன் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். எனக்குத் தெரியும்மா, அவள் அன்றைக்கே சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வார் சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விட்டார். சாரை மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்தப் பொத்தானை மன்னிக்க மாட்டேன்.

நிச்சயம் முறிந்த பிறகும் சபை மாறவில்லை நாங்கள். வேறு எங்கே போவது? ஒரு ஞாயிறு போதகர் வழக்கம்போல ஸ்தோத்திர காணிக்கைகளை வாசித்துக்கொண்டே வந்தார். வாத்தியார் குடும்பத்தின் பெயர் வந்தது. "மருமகளுக்கு அரசுப் பள்ளியில் நிரந்தரப் போஸ்டிங் கிடைத்ததற்காக."

சபை ஆமென் சொன்னது. என் பக்கத்தில் அம்மாவும், பழக்கத்தில், கணீரென்று ஆமென் சொன்னாள். சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. என் கையைத் தேடிப் பிடித்தாள். நான் இழுத்துக்கொண்டேன்.