மண் படாத வற்றல்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் டெல்லியில் எந்த நாளில் வற்றல் போடலாம், எந்த நாளில் எவ்வளவு போடலாம் என்று என்னைப்போல் சொல்லக்கூடிய ஆள் இன்னொருவர் இருந்தால் காட்டுங்கள். முனிர்காவில் ஒரு மொட்டை மாடியை வாடகைக்குப் பிடித்துத் தொழில் தொடங்கினேன். இன்றைக்கு அந்த வீடே என் பேரில் இருக்கிறது. கொஞ்சம் பெருமை அடித்துக்கொண்டால் தப்பில்லை.

டெல்லியின் மே மாத வெயில் கூழ்வற்றலுக்கென்றே படைத்த வெயில். காலையில் பிழிந்தால் சாயங்காலம் சருகாகக் காய்ந்துவிடும். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் கடல்காற்றில் இதற்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். இங்கே ஒரே ஒரு எதிரி, ஆந்தி என்கிற புழுதிப் புயல். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கே பழுப்பாகக் கிளம்பி, ஊரை மூடிவிட்டுப் போய்விடும். ஈர வற்றலில் பட்ட மண்ணை எந்தச் சாமியாலும் பிரிக்க முடியாது.

ஒரு வருஷம் அப்படி மண் பட்டது எனக்குத் தெரியாமல் கடைக்குப் போய்விட்டது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் என் சரக்கை விற்கிற கடைக்காரர் திருநெல்வேலிக்காரர், நம்ம மனுஷர். முகத்துக்கு நேரே சொன்னார்: “அண்ணாச்சி, கடிச்சா நறநறங்குதுன்னு கொண்டாந்து வீசுதாங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் மெட்ராஸ் சரக்கை எடுத்துருவேன், வருத்தப்படாதீங்க.”

எனக்கு அந்தக் கடைதான் உயிர். அன்றைக்கே இரண்டு காரியம் செய்தேன். இங்கே ஜனங்கள் முற்றத்தில் படுக்கிற கயிற்றுக் கட்டில்களை வாங்கி மாடியில் போட்டு, அவற்றின்மேல் வேட்டி விரித்து வற்றல் பிழிந்தேன். காற்று வந்தால் இரண்டு பேர் கட்டிலோடு தூக்கி மாடி அறைக்குள் வைத்துவிடலாம். தரையில் விரித்ததை அப்படித் தூக்க முடியாது. இது முழுக்க என் மூளை. இரண்டாவது, வானிலை அறிக்கையை ஒழுங்காகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ‘பலத்த காற்றுக்கு வாய்ப்பு’ என்று போடுவார்கள். வந்தாலும் வரும், வராமலும் போகும். அப்படிப் போட்ட நாளில் கட்டிலில் மட்டும் போடுவேன். அறிக்கையில் காற்று என்று போடாத நாளில் தரையிலும் விரிப்பேன். என் சட்டம் இவ்வளவுதான்.

போன மே மாதம் கடைக்காரர் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டார். சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகைச் சமையலறைக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம், திங்கட்கிழமை வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை அரிசி முழுவதையும் ஊறப்போட்டுவிட்டோம். சாயங்காலம் போனைத் திறந்தால் மறுநாள் மதியத்துக்குமேல் புழுதிக்காற்றுக்கு வாய்ப்பு என்கிறது.

“கட்டில்ல மட்டும் போடுவோம். மீதி மாவை ஃபிரிட்ஜ்ல வை” என்றேன்.

என் வீட்டுக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. “கேட்டிருக்கது அம்புட்டு, நீங்க பாதியைக் கொண்டுபோய் நீட்டுவீங்களாக்கும்? எம் போன்ல பாருங்க, நாளைக்கு முழுக்க வெயிலு. காத்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.”

வாங்கிப் பார்த்தேன். சூரியன் படம் பளபளவென்று சிரித்தது. ஒரே மாடிக்கு இரண்டு போன் இரண்டு விதமாகச் சொன்னால் மனுஷன் எதை நம்புவது? ஒரு நிமிஷம் ஆடித்தான் போனேன். பிறகு கீழே ஈரப்பதம் போட்டிருந்ததைப் பார்த்தேன். துவைத்த வேட்டி கொடியில் போட்டதும் காய்கிற ஊரில் இவ்வளவு ஈரமா? மேலே தள்ளிப் பார்த்தால் ஊர் பெயர் தூத்துக்குடி. தினமும் காலையில் அங்கே இருக்கிற தன் அக்காவோடு பேசுமுன் வெயிலா மழையா என்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவாள். இங்கே பாதித் தமிழ் வீடுகளில் போனுக்குள் ஊர் வானம்தான் இருக்கும்.

“நாளைக்கு ஒங்க அக்கா மாடியில போய்ப் பிழி. அங்க வெயிலுதான்” என்றேன்.

“அவ வீட்ல பிழிஞ்சா, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தையாவது சொல்லுவா” என்றாள்.

சனிக்கிழமை விடியும்போதே பிழிந்து முடித்தோம். இரண்டாம் மாடியில் குடியிருக்கிற நர்ஸ் பெண்ணுக்கு அன்றைக்கு டூட்டி இல்லை, அவளும் கைகொடுத்தாள். மதியம் ஆயிற்று. வானம் துடைத்துவைத்த மாதிரி கிடந்தது. காலியாகக் கிடந்த தரையைக் காட்டி என் வீட்டுக்காரி அவளிடம் சொன்னாள்: “பாரும்மா, அங்கிள் டான்ஸ் ஆடுறதுக்கு இடம் ஒதுக்கி வச்சிருக்காங்க.”

அந்த நேரம் போன் கத்தியது. அடுத்த சில மணி நேரத்தில் எங்கள் பக்கம் காற்று என்று எச்சரிக்கை.

“தூக்குங்க கட்டிலை, ஜல்தி!”

“ஆந்தி எங்க அங்கிள்? ஒரு இலைகூட அசையலையே” என்றாள் நர்ஸ் பெண்.

“அசைஞ்ச பிறகு தூக்குனா வத்தலும் மண்ணும் சேந்துதாம்மா வரும்.”

கட்டில்மேல் கட்டிலாக அடுக்கினோம். கடைசிக் கட்டில் கதவில் மாட்டிக்கொண்டது. சாய்த்து இழுத்தோம், வற்றல் வேட்டியோடு ஒட்டியிருந்ததால் ஒன்றுகூடச் சரியவில்லை. கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்தேன். உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி வேர்த்தது. வெளியே ஒன்றும் வரவில்லை. என் வீட்டுக்காரி வாயைத் திறக்கப் போனாள். ஜன்னல் கண்ணாடி மஞ்சளானது, பிறகு பழுப்பானது, அப்புறம் யாரோ லாரியில் மண் கொண்டுவந்து கொட்டியது போல் ஒரு சத்தம்.

அடங்கிய பிறகு வெளியே வந்தோம். தரையில் நடந்தால் கால்தடம் விழுந்தது. என் வீட்டுக்காரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்புட்டையும் இங்க விரிச்சிருந்தா...” என்றாள். அவள் வாயில் எனக்கு இதற்குமேல் பாராட்டு கிடைத்ததில்லை. ராத்திரி மின்விசிறியிலும் மறுநாள் வெயிலிலும் மீதி ஈரம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் காற்றுக்கு வாய்ப்பு என்று போட்டிருந்ததால் ஃபிரிட்ஜில் இருந்த மாவைத் தொடவில்லை.

திங்கட்கிழமை கடைக்காரர் அடுப்பில் எண்ணெய் வைத்து ஒரு வற்றலைப் பொரித்தார். காது கொடுத்துக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கடித்தார். இன்னொன்றும் கடித்தார்.

“மண்ணு இல்ல. ஆனா பாதிதான இருக்கு அண்ணாச்சி?”

“மீதி புதன்கிழமை. நாளைக்குக் காத்து இல்லைன்னு போட்டிருக்கு, தரையிலயும் விரிச்சிருவேன்.”

“வராதுன்னு சத்தியம் பண்ணுவீங்களா?”

“நான் எதுக்கு வே பண்ணணும்? வந்தா கட்டில்ல இருக்கது ஒமக்கு. தரையில இருக்கது என் தலையில.”

சிரித்துக்கொண்டே விருந்தினர் மாளிகைக்குப் போன் போட்டு, பாதி இன்றைக்கு, பாதி புதன்கிழமை என்று சொல்லிவிட்டார்.