அண்ணி அமுக்கிய பச்சைப் பொத்தான்

கூட்டம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். என் பேச்சை இந்த மணிக்கு வையுங்கள். நல்ல அறை வேண்டாம், கார் வேண்டாம், மணி வேண்டும். பந்தா பண்ணுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். செய்யூர் பக்கம் எங்கள் கழனிக்கு மூணு பேஸ் கரண்டு எப்போது வரும் என்று லைன்மேன் சொல்கிறாரோ, அந்த மணிதான் நான் கேட்கிற மணி. பெர்லினில் உட்கார்ந்து கூட்டம் நடத்தும் ஒரு பெண்ணுக்கு இதை எப்படி மெயிலில் எழுதுவது? எழுதவில்லை. பந்தா என்றே இருக்கட்டும் என்று விட்டேன்.

நான் பத்தாவது பெயில். சிறுசேரியில் ஒரு ஐ.டி. கட்டடத்துக்கு வயரிங் வேலைக்குப் போனேன். மேசைக்கு அடியில் படுத்து வயர் இழுக்கும்போது மேலே இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்தேன். கேட்டேன். சிலர் சொல்லிக் கொடுத்தார்கள். மீதியை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

பெங்களூரில் ஒரு கம்பெனி கையகல போர்டு ஒன்று செய்கிறது. அதில் நாலு வரி கம்ப்யூட்டர் கோடு எழுதினால் எங்கிருந்து வேண்டுமானாலும் போனில் மோட்டார் போடலாம், விளக்குப் போடலாம். அதை வாங்கி எங்கள் பம்புசெட்டில் மாட்டி வீடியோ எடுத்துப் போட்டேன். கம்பெனி கூப்பிட்டு வேலை கொடுத்தது. ஊர் ஊராகப் போக வேண்டும். கோடு எழுதுகிறவர்கள் கூடும் இடத்தில் மேடை ஏறி இந்த போர்டைப் பற்றிப் பேச வேண்டும். கார்டில் டெவலப்பர் அட்வகேட் என்று அடித்தார்கள். ஊரில் இரண்டு பேர் பட்டா தகராறோடு வந்து நின்றார்கள்.

பேச்சு எல்லா ஊரிலும் ஒன்றுதான். திரையில் ஒரு பாதியில் நான் எழுதும் கோடு. மறு பாதியில் எங்கள் மோட்டார் கொட்டாயில் கட்டிவைத்த கேமரா. அதில் குழாய் வாயும் தொட்டியும் மட்டும் தெரியும். கடைசியில் நான் ஒரு பொத்தானைத் தட்டுவேன். எங்கேயோ கடல் தாண்டி, குழாயில் தண்ணீர் கொட்டும். கைதட்டுவார்கள்.

முதல் வெளிநாட்டுப் பேச்சு சிங்கப்பூரில். முந்தின நாள் போர்டு செத்துப்போனது. வீட்டுக்குப் போன் போட்டேன். அண்ணன் சிறுசேரியில் கம்பெனி வேன் ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். கழனி முழுக்க அண்ணி பொறுப்பு.

“இன்னா தம்பி, போர்டு பூட்ச்சா?”

“பூட்ச்சு அண்ணி. நாளைக்குக் காட்டணும்.”

“தண்ணி கொட்டணும், அவ்ளோதான? ஸ்டார்ட்டர் பொட்டியில பச்சை பட்டன் கீது. நான் அமுக்கறேன் வுடு. அங்க கீறவனுக்கு யாரு அமுக்குனான்னு இன்னா தெரியும்?”

அப்படித்தான் ஆரம்பித்தது. மேடை ஏறும் முன் வீட்டுக்குப் போன் போட்டு, அணைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். அண்ணி கொட்டாயில் ஸ்டார்ட்டர் பெட்டி முன்னால் நின்று, முழுப் பேச்சையும் கேட்டு, சரியான இடத்தில் அமுக்குவார். ஒரு தடவைதான் என்று நினைத்தேன். ஏழு வருஷம் போனது.

கம்பெனிக்கு எழுதாமல் இல்லை. ஈரம் தாங்கவில்லை, வோல்டேஜ் குறைந்தால் தொங்கிவிடுகிறது, பெட்டிக்குள் பல்லி போகிறது என்று மூன்று தடவை எழுதினேன். ‘அடுத்த பதிப்பில் பார்க்கிறோம்’ என்று மூன்று தடவையும் அதே வரி வந்தது. புது போர்டு அனுப்பினார்கள். பத்து நாள் ஓடும். அப்புறம் அண்ணிதான்.

அண்ணிக்கு இங்கிலீஷ் தெரியாது. பேச்சு முழுக்க மனப்பாடம். எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று தெரியும். எந்த ஊரில் சிரிக்கவில்லை என்றும் தெரியும்.

“பொத்தானு தட்டறதுக்கு மின்ன எப்பவும் ஒரு இருமல் இருமுற தம்பி. பயமா?”

“தெர்ல அண்ணி.”

“மாத்திக்காத. எனக்கு அதான் கணக்கு.”

அந்த இருமலுக்கு அமுக்குவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. கடலை முற்றிய நேரத்தில் தண்ணீர் கூடாது என்றால், வாய்க்காலைச் சவுக்குப் பக்கம் திருப்பிவிட்டு வந்து நிற்பார். திட்டிக்கொண்டேதான் நிற்பார்.

போன வருஷம் கம்பெனி பெரிய கூட்டம் ஒன்றை மாமல்லபுரம் ரிசார்ட்டில் வைத்தது. மேலாளர் முன்கூட்டியே கூப்பிட்டுச் சொன்னார். மொத்தமாக போர்டு வாங்குகிறவர்கள் வருகிறார்கள். உன் மோட்டார் ஓடினால் அடுத்த வருஷமும் நீதான் பேசுவாய். சொதப்பினால் பேச்சு கிடையாது, ஆபீசில் உட்கார்ந்து புகாருக்குப் பதில் எழுது. பேஜார் பிடித்த வேலைதான் இது. ஊர் ஊராக ஏர்போர்ட் வரிசையில் நின்று, பெல்ட்டைக் கழற்றி, பெல்ட்டை மாட்டி, ஆறிப்போனதைத் தின்று. ஆனால் மேடையில் யாரும் படிப்பைக் கேட்பதில்லை. ஆபீசில் உட்கார்ந்தால் முதல் நாளே கேட்பார்கள். அது எனக்குத் தெரியும்.

அண்ணியிடம் மணியைச் சொன்னேன்.

“மாமல்லபுரமா? அப்ப நான் வரேன்.”

“நீங்க வந்தா யாரு அமுக்கறது?”

“உங்க அண்ணன் அமுக்கட்டும். ஏழு வருஷமா கொட்டாயில நின்னுகினு காதாலயே கேட்டேன். ஒரு தபா கண்ணால பாக்கணும். இங்க கீற மாமல்லபுரத்துக்கும் கூட்டினு போ மாட்டியா?”

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அண்ணன் லீவு போட்டார். முந்தின நாள் சாயங்காலம் அண்ணி அவரைக் கொட்டாயில் நிறுத்திப் பாடம் எடுத்தார்.

“த பாரு. தம்பி கடைசில இருமுவாரு. அப்ப அமுக்கணும். அதுக்கு மின்ன கைய வெக்கக் கூடாது.”

“ஒரு பட்டன் அமுக்கறதுக்கு இன்னாத்துக்கு இம்மாந் டிரெய்னிங்கு? நான் வேன் ஓட்டறவன்.”

“வேன்ல ஆக்சிலேட்டரு எப்ப வேணா அமுக்கலாம். இது அப்படி இல்ல.”

மறுநாள் அண்ணியை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். ரிசார்ட் வாசலில் பேர் எழுதி அட்டை கொடுக்கும் பெண் அண்ணியிடம் எந்தக் கம்பெனி என்று கேட்டாள்.

“மோட்டார் கொட்டாய்னு போடும்மா.”

போட்டுவிட்டாள். அண்ணி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். காப்பி குடிக்கும் இடத்தில் தாடிக்காரர் ஒருவர் அட்டையைப் படித்துவிட்டு, புதுக் கம்பெனியா என்று கேட்டார். “இல்லப்பா, ஏழு வருஷமா நடக்குது” என்றார் அண்ணி. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அண்ணி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். மேலாளர் முதல் வரிசை, வாங்குகிறவர்கள் அவருக்கு இரண்டு பக்கமும். வீட்டுக்குப் போன் போட்டேன். அண்ணன் எடுத்தார். போனைச் சட்டைப் பையில் வைத்தேன். காலரில் மைக் குத்தினார்கள். சட்டைப் பைக்கும் மைக்குக்கும் ஒரு சாண்.

இந்த ஹால்களில் ஏசியை ஏன் அப்படி வைக்கிறார்கள் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. வெளியே கடற்கரை வெயில், உள்ளே பல் கிட்டிக்கொள்கிறது. மேடை ஏறி வணக்கம் சொன்னேன். எங்கள் ஊர் என்று ஆரம்பித்தேன். தொண்டையில் குளிர் அடைத்தது. இருமினேன்.

திரையில் தண்ணீர் கொட்டியது.

நான் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. பொத்தான் பக்கம் கையே போகவில்லை. ஹாலில் நானூறு கண் குழாயைப் பார்த்தது, அப்புறம் என்னைப் பார்த்தது. மூன்றாவது வரிசையில் அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் என் பையிலிருந்து அண்ணன் குரல் ஸ்பீக்கரில் ஹால் முழுக்கக் கேட்டது.

“டேய், ஓடுதா? தெரியுதா அங்க?”

பையை உள்ளங்கையால் பொத்திப் பார்த்தேன்.

“இன்னாடா சத்தத்தையே காணோம்? இரு, நானே பாக்கறேன்.”

திரையில் அண்ணன் வந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். குழாயைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். வந்ததற்கு முகம் கழுவிக்கொண்டார். கால் கழுவினார். ஹால் சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை.

அப்புறம் அண்ணன் சிவப்புப் பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். தண்ணீர் நின்றது. “போதும்ல? நான் நாஸ்தா துண்ணவே இல்ல” என்று குரல் வந்து, லைன் போனது.

ஒருவர் கை தூக்கி, அவர் யார் என்று கேட்டார்.

“என் அண்ணன்” என்றேன். “போர்டு வேலை செய்யவில்லை. ஏழு வருஷமாகக் கையால்தான் போடுகிறோம். மற்ற நாளில் அண்ணி போடுவார். இன்று அவர் இங்கே வந்திருக்கிறார். அதனால் சொதப்பிவிட்டது.”

அவ்வளவுதான் சொன்னேன். சிரிப்பு நின்றது. மேலாளர் போனை எடுத்துக் குனிந்துகொண்டார். வாங்க வந்தவர்களில் ஒருவர், ஏன் வேலை செய்யவில்லை என்று இங்கிலீஷில் கேட்டார். அண்ணி எழுந்து, இன்னா கேக்கறாரு என்றார். சொன்னேன்.

“பொட்டி சூடாவுது, அந்தச் சூட்டுக்குப் பல்லி உள்ள பூருது. மழை பேஞ்சா போர்டு மேல பச்சையா பூக்குது. கரண்டு போய்த் திரும்ப வந்தா மோட்டாரு நின்னதே அதுக்கு ஞாபகம் இருக்கறதில்ல, ஓடுதுன்னே நெனச்சினு கீது. அதக் கேளு மொதல்ல. ஓடாத மோட்டார ஓடுதுன்னு போன்ல காட்டுது. அத நம்பி ரெண்டு நாளு தண்ணி பாயாம கெடந்துச்சு கழனி.”

நான் இங்கிலீஷில் திருப்பிச் சொன்னேன். இன்னும் இரண்டு கேள்வி கேட்டார்கள், இரண்டும் அண்ணியிடம். மூன்றாவது கேள்விக்குள் நேரம் முடிந்தது என்ற அட்டையைக் காட்டிவிட்டார்கள். கைதட்டல் கொஞ்சம் வந்தது. யாருக்கு என்று தெரியவில்லை.

வெளியே மேலாளர் நின்றிருந்தார். ஏன் முன்பே சொல்லவில்லை என்றார். மூன்று தடவை எழுதினேன் என்றேன். எழுதியதைச் சொல்லவில்லை, கையால் அமுக்கியதைச் சொல்கிறேன் என்றார். திங்கட்கிழமையிலிருந்து கம்பெனியின் சிறுசேரிக் கிளை ஆபீஸ் என்றார். போய்விட்டார்.

சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. வண்டியை எடுத்தேன். கல்பாக்கம் தாண்டியதும் அண்ணி கேட்டார்.

“வேலை பூட்ச்சா தம்பி?”

“வேலை கீது. பேச்சு பூட்ச்சு.”

“நான் வந்திருக்கக் கூடாது.”

“போர்டு ஓடியிருக்கணும் அண்ணி.”

“எந்த இருமல்னு கூடவா தெரியாது ஒரு மனுசனுக்கு?” என்றார். வீடு வரும்வரை அண்ணனைத்தான் திட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார்.

“தண்ணி வந்துச்சா இல்லியா? அத்த மட்டும் சொல்லு” என்றார்.

திங்கட்கிழமை ஆபீசில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்ன படிப்பு என்று கேட்டார். பத்தாவது என்றேன். பெயில் என்றும் சொன்னேன். போர்டு வாங்கியவர்களின் புகார்கள் கம்ப்யூட்டரில் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி மூட வேண்டும். பதிலையும் கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. ‘அடுத்த பதிப்பில் பார்க்கிறோம்.’ தட்டினால் போய்விடும்.

இரண்டாம் நாள் அண்ணி போன் செய்தார். அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு புதுப் புகாராக எழுதினேன். பல்லி, சூடு, ஈரம், கரண்டு போனால் மறதி. வாங்கியவர் பெயர் கேட்கும் இடத்தில் மோட்டார் கொட்டாய் என்று போட்டேன்.

தினமும் எல்லாப் புகாரையும் அந்த ஒரே வரி போட்டு மூடுகிறேன். அண்ணியின் புகாரை மட்டும் மூடவில்லை. ஏன் நிலுவையில் இருக்கிறது என்று வாரத்துக்கு ஒரு தடவை மேலாளரிடமிருந்து மெயில் வருகிறது. மோட்டார் இன்னும் கையால்தான் ஓடுகிறது என்று பதில் எழுதுகிறேன்.