வலது காறை எலும்புக்கு மேலே

மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் என் நெஞ்சு பிரபலமாக இருந்தது. ஒல்லி உடம்பு. சட்டையைக் கழற்றினால் விலா எலும்புகளை அடுத்த கட்டிலில் இருந்தே எண்ணலாம்.

நெஞ்சின் மேல் ஒரு கையைப் பதித்து, மறு கையின் விரலால் அதைத் தட்டி, சத்தத்தை வைத்து நுரையீரலின் நிலைமையைச் சொல்லும் வித்தையை அந்த வருஷம்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வார்டில் படுத்திருந்தவர்கள் பெரும்பாலும் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள். நாலாவது மாணவன் தட்டத் தொடங்கியதும் ஒருவர் எழுந்து உட்கார்ந்து, "நான் என்ன தேங்காயாடா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெள்ளைக்கார ஆசிரியருக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இனி ஒருவரையொருவர் தட்டிப் பழகுங்கள் என்று உத்தரவு போட்டார். அப்படித்தான் என் நெஞ்சு பொதுச் சொத்தாயிற்று.

வகுப்பில் நல்ல காது என் நண்பனுக்குத்தான். நாகூரில் இருந்து வந்து துணிக்கடை வைத்த குடும்பத்துப் பையன். ஒரு மத்தியானம் அவன் என்னைத் தட்டிக்கொண்டு வந்தவன், கழுத்தடியில், வலது காறை எலும்புக்கு மேலே நின்றான். இடது பக்கம் போனான். திரும்ப வலது பக்கம் வந்தான். பிறகு என் சட்டையை எடுத்து என்னிடம் கொடுத்து, "நல்லா இருக்கு லா" என்றான்.

நல்லா இல்லை. இடது பக்கம் கணீரென்று இருந்தது, வலது பக்கம் மந்தமாக இருந்தது. நானும் அதே வகுப்பில்தானே படித்தேன்? அந்த இடத்தில் அந்தச் சத்தம் வந்தால் என்ன பெயர் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பரீட்சையாக இருந்தால் காசநோய் என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம்.

எனக்கு மூன்று மாதத்தில் கல்யாணம். பெண், என் தாய்மாமன் மகள். மாமா சிராங்கூன் சாலையில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவள் பிறந்தபோதே எனக்கென்று பேசி முடித்துவிட்டார்கள். அப்போது எனக்கு நாலு வயது. ஆட்சேபிக்கவில்லை. விவரம் தெரிந்த பிறகு அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் எல்லாம் முன்பே முடிவாகிவிட்ட விஷயத்தில் பிடித்திருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? கிழக்கே சூரியன் உதிக்கிறது, எனக்குச் சம்மதம் என்று சொல்வது போல இருக்கும். ஆகவே சொன்னதில்லை.

இப்போது சொல்லவேண்டியது வேறு ஒன்றாக இருந்தது. சொன்னால் அவள் எனக்கில்லை. சொல்லாவிட்டால் என் நோய் அவளுக்கும் வரலாம். இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

நண்பனும் திறக்கவில்லை. ஆனால் மறுநாளில் இருந்து தினமும் காலையில் எனக்கு இரண்டு பச்சை முட்டை வந்தது. "உம்மா குடுத்தாங்க" என்பான். மூன்றாவது வாரம் தாங்கவில்லை.

"எதுக்குடா முட்டை?"

அவன் வெளியே பார்த்தான். "வலது பக்கம்" என்றான்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நீ நல்லா இருக்குன்னு சொன்னதுலேருந்து."

அவன் அழுதுவிட்டான். இருபது பேர் நடமாடும் வராந்தாவில், கையில் முட்டையோடு. எனக்கு அவன் மேல் வந்த பிரியத்தை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. முட்டையை வாங்கிக் குடித்தேன். அன்று சாயங்காலமே டிராம் ஏறி மாமா வீட்டுக்குப் போனேன்.

மாமா கடை முன்பக்கம், வீடு பின்பக்கம். அவள் கொல்லையில் புதிதாக வந்த தேங்காய்களைத் தட்டித் தட்டி, சத்தத்தை வைத்து நல்லது கெட்டது பிரித்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதில் இருந்து அது அவள் வேலை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு மறந்துபோய், நெஞ்சில் கோளாறு, காசமாக இருக்கலாம், ஒட்டக்கூடியது, கல்யாணம் வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் கையில் இருந்த தேங்காயைக் கீழே வைத்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா, அத்தான்?"

"இல்ல. முதல்ல உன்கிட்டதான்."

"கல்யாணத் தேதியே எனக்கு ஆசாரி வந்து வளையலுக்கு அளவெடுக்கும்போதுதான் தெரியும்" என்றாள். "என்கிட்ட ஒண்ண முதல்ல வந்து சொன்னது நீங்கதான். எந்த இடம்? காட்டுங்க."

சட்டைப் பித்தானைக் கழற்றி, இடது பக்கம் தட்டினேன். வலது பக்கம் தட்டினேன். வகுப்பே தட்டிய நெஞ்சு; அன்றுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

"வலதுல மந்தமா கேக்குது" என்றாள் உடனே. படித்த இரண்டு பேர் மூன்று வாரமாகச் சொல்லாததை அவள் ஒரு நொடியில் சொன்னாள். "சரியாகுமா?"

"ஓய்வா இருந்து, கடல் காத்து, பால், முட்டைன்னு இருந்தா சில பேருக்குச் சரியாகும். ஒரு வருஷம் ஆகலாம். ஆகாமலும் போகலாம்."

அவள் எழுந்து புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே கடைக்குள் போனாள். நான் பித்தானைப் போட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். மாமா ஓர் அம்மாளுக்குத் துவரம் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அத்தானுக்கு நெஞ்சில கோளாறு. அவரே வந்து சொல்லிட்டாரு. கல்யாணத்த ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க. நான் காத்திருக்கேன். வேற இடம் பாக்காதீங்க."

தராசு அந்தரத்தில் நின்றது. பருப்பு வாங்க வந்த அம்மாள் அவசரமில்லை என்பதுபோல ஓர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். மாமா என்னைப் பார்த்தார்.

"நீ டாக்டருக்குத்தானே படிக்கற?"

"ஆமா மாமா."

"அப்புறம் உனக்கே எப்படி வந்துச்சு?"

அது பாடத்தில் இல்லாத கேள்வி. ஏதாவது சொல்லியாக வேண்டும். "எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும் மாமா" என்றேன். என் காதில் விழுந்த பிறகுதான் அதைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

"அத இப்ப யாரு கேட்டா?" என்றார் மாமா. பருப்பைக் கொட்டினார், முடிச்சுப் போட்டார், அந்த அம்மாளிடம் நீட்டினார். "ஒரு வருஷம்" என்றார். "அதுக்குள்ள நல்லாயிடணும்."

திரும்பி அவளைப் பார்த்தேன். கண் நிறைந்திருந்தது. ஆனால் முகம் கோபமாக இருந்தது.

"இத மட்டும் அப்பாகிட்ட முதல்ல சொல்றீங்க" என்றாள்.