மாங்காய் ஷெட்டில் கம்பைலரோடு இரண்டு நாள்

1. வாய் கொடுத்தது

பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் ஹனீபா பாயின் மாங்காய் ஷெட்டுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் நான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் கூப்பிடுவார்கள், ஷெட்டுக்குள் பாம்பு வந்தாலும் கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் எனக்கு ஒரே அளவு பயம்தான்.

சீசன் உச்சத்தில் இருந்தபோது, மாங்காயை எடை பார்த்துத் தரம் பிரிக்கும் மெஷின் நின்றுவிட்டது. அதற்குள் இருந்த சின்னக் கம்ப்யூட்டரின் டிஸ்க் போய்விட்டது. மெஷினை விற்ற கம்பெனி எப்போதோ மூடிப்போயிருந்தது. மெஷினை ஓட்டும் புரோகிராமின் நகல் மட்டும் என்னிடம் இருந்தது. அது ஓட லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரின் போர்டோ பழசு. ரெடிமேடாகக் கிடைக்கும் எந்த லினக்ஸும் அதில் ஏறவில்லை.

மறுநாள் மாலை நாலு மணிக்கு டெல்லி லாரி. அதற்குள் சரக்கு தரம் பிரிந்து பெட்டிக்குள் போகாவிட்டால் லாரி அடுத்த ஷெட்டுக்குப் போய்விடும். மாங்காய் பாயிடமே தங்கி, பாயின் கண் முன்னாலேயே பழுக்கும்.

"என்ன சாரே, ஆகுமா ஆகாதா?" என்றார் பாய்.

புத்தியுள்ளவன் எவனும் இந்த இடத்தில் யாரிடமாவது இதே மாதிரி பழைய டிஸ்க் இருக்கிறதா என்று விசாரித்திருப்பான். நான், "சோர்ஸ்லேர்ந்தே கம்பைல் பண்ணிப் புதுசாக் கட்டிர்றேன் பாய்" என்றேன். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் நம்பிவிட்டார்.

2. எட்டும் இரண்டும்

ஷெட்டில் இருப்பது ஒரே ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டர். பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்கும் சரோஜா அதன் ராணி. அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, என்னுடைய லினக்ஸ் டிஸ்கை மாட்டி பூட் செய்தேன். நெட் பாயின் போனிலிருந்து வந்தது.

சிஸ்டம் கட்ட முதலில் அதற்கென்று ஒரு கம்பைலரை, அதாவது மனிதர்கள் எழுதிய சோர்ஸை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் புரோகிராமை, கட்டவேண்டும். கெத்துக்காக எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டச் சொன்னேன். அரை மணி நேரத்தில் 'கில்டு' என்று ஒரே ஒரு வார்த்தை காட்டிவிட்டு நின்றது. யாரைக் கொன்றது, எதற்குக் கொன்றது என்று சொல்லவில்லை. வைரஸ், ஹார்ட் டிஸ்க், என் ஜாதகம் என்று வரிசையாகச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், மெமரி போதாமல் சிஸ்டமே கம்பைலரைக் கொன்றிருக்கிறது. எட்டை இரண்டாகக் குறைத்தேன். ஆறு மணி நேரம் அலுங்காமல் ஓடி முடிந்தது.

மாலையில் சரோஜாவிடம் நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "முக்கால்வாசி முடிஞ்சுது" என்று பாயிடம் சொல்லிக் கிளம்பினேன். வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை ஓட்டியது நான் இல்லை, என் தலைக்கனம்.

3. கடிகாரத்தைப் பார்

மறுநாள் காலை பாய் போனோடு தோட்டத்துக்குப் போய்விட்டார். நெட் இல்லை; தேவையும் இல்லை, எல்லா சோர்ஸும் முன்பே இறக்கியாயிற்று. சிஸ்டத்தின் அடுத்த துண்டான பேக்கேஜை எடுத்து, அதைக் கட்டத் தயார்படுத்தும் கான்ஃபிகர் கட்டளையைக் கொடுத்தேன். கட்டும் சூழலுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றது. அடுத்த வரியில் எரர்: இப்போது உருவாக்கிய ஃபைல், சோர்ஸில் வந்த ஃபைலைவிடப் பழையதாக இருக்கிறது, கடிகாரத்தைப் பார்.

பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். திரையின் மூலையிலும் பத்தேகால். ஆக, பொய் சொல்வது கம்பைலர்தான் என்று முடிவு கட்டினேன்.

நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் மனிதனுக்கு வரும் நடுக்கம் தனி ரகம். வேறு பேக்கேஜை ஓட்டினேன், அதே எரர். ரீபூட் செய்தேன், அதே எரர். மானிட்டரைத் துடைத்தும் பார்த்தேன். நேற்றுக் கட்டிய கம்பைலர் கெட்டுப்போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதி, ஆறு மணி நேர உழைப்பை ஒரே கட்டளையில் அழித்தேன். சோர்ஸைப் புதிதாகப் பிரித்து மறுபடி கான்ஃபிகர் கொடுத்தேன். அதே எரர்.

மணி பதினொன்றரை. சரோஜா ஸ்டிக்கர் ரோலோடு வந்து நின்றார். "ஏனுங்க சார், இன்னும் நேரமாகுங்களா? தேதிய மட்டும் தொட்ராதீங்க. நேத்து நீங்க போனப்புறம் ஸ்டிக்கர் சாஃப்ட்வேர் தெறக்க மாட்டேன்னுருச்சுங்க. பாத்தா வருசம் தானா முன்னாடி வந்திருக்குது. நீங்க சொல்லிக் குடுத்தாப்லயே மறுக்கா மூணு வருசம் பின்னாடி தள்ளி வெச்சிருக்கறனுங்க."

திரையின் மூலையில் மணியைத் தட்டித் தேதியைத் திறந்தேன்: மூன்று வருடம் பழையது. ஸ்டிக்கர் சாஃப்ட்வேர் கொஞ்ச நாளைக்கு மட்டும் ஓசியில் ஓடும் ட்ரையல்; எப்போதோ காலாவதியானது. கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளிவிட்டால் காலத்துக்கும் ஓடும் என்று கண்டுபிடித்த விஞ்ஞானி நான்தான். முதல் நாள் நெட் இருந்ததால் லினக்ஸ் தானாகவே தேதியைத் திருத்தியிருக்கிறது. மாலையில் சரோஜா என் பாடத்தை ஒழுங்காக நடைமுறைப்படுத்தியிருக்கிறார். மணி சரி, நிமிடம் சரி, வருடம்தான் தப்பு. எரர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

தேதியைத் திருத்தினேன். கான்ஃபிகர் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் நான் அழித்த ஆறு மணி நேரத்தைத் திருத்த எந்தக் கட்டளையும் இல்லை. லாரிக்கு நாலரை மணி நேரம்தான் இருந்தது.

தோட்டத்திலிருந்து வந்த பாயிடம் 'வெர்ஷன் பிரச்சினை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சரோஜா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "மூணு வருசம் பின்னாடி போயிருச்சு பாய்" என்றேன்.

"கம்ப்யூட்டரா சாரே, நீங்களா?" என்றார்.

பிறகு நேரே வேலையில் இறங்கினார். ஷெட்டில் இருந்த அத்தனை பேரையும் தரம் பிரிக்க உட்கார வைத்தார், என்னையும் சேர்த்து. லாரி டிரைவரைச் சாப்பாட்டில் உட்கார வைத்து அரை மணி நேரம் வாங்கினார். லாரி நாலரைக்குக் கிளம்பியது. நான் பிரித்தது மூன்று பெட்டி. மூன்றையும் சரோஜா கவிழ்த்து மறுபடி பிரித்தார். நான் எல்லாவற்றையும் மறுபடி கட்டி முடித்து, மெஷின் ஓட மறுநாள் ஆகிவிட்டது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம். எரர் கடிகாரத்தைப் பார் என்றால் தேதி, மாதம், வருடம் வரைக்கும் பாருங்கள். அழிக்கும் கட்டளையை அதற்குப் பிறகு யோசிக்கலாம். அடுத்தது, ஏதாவது குறுக்குவழி கண்டுபிடித்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். அதில் முதலில் தடுக்கி விழப்போவது பெரும்பாலும் நீங்கள்தான்.