கழுகுக்கரட்டு மனைப்பிரிவு

வாகைக்குடியில் மாவு மில் வைத்திருக்கும் தங்கச்செல்விக்கு மெதுவாகப் பேச வராது. வருசக்கணக்காக மிஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அப்படியே பழகிவிட்டது. ஒன்றிய அலுவலகக் கூட்டத்தில் அவள் எழுந்து வாயைத் திறந்ததுமே அதிகாரி கையைக் காட்டினார்.

"சத்தம் போடாதீங்கம்மா."

"சத்தம் போடல சார். பேசத்தான் செய்றேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கூட்டம் நடப்பதற்குள்ளேயே போதும் போதும் என்றாகியிருந்தது. குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய பிறகு, ஊருக்கு மேற்கே கழுகுக்கரடு என்ற பாறைக்குன்றின் சரிவை ராஜகுரு என்ற மதுரைக்காரர் வாங்கி, மனை பிரிக்க அனுமதி கேட்டிருந்தார். கரட்டில் விழுகிற மழை ஒரே ஓடை வழியாகத்தான் ஊர் வயல்களுக்குப் பாய்கிற கண்மாய்க்கு இறங்கும். மனைகளுக்குப் போகும் சாலை அந்த ஓடையைக் குறுக்கே மறிக்கும். தங்கச்செல்வி வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி ஆட்சேபணை கொடுத்தாள். கூட்டத்துக்குத் தேதி வந்தது. மில்லைப் பூட்டிவிட்டுப் போனால், அதிகாரி வெளியூர் போய்விட்டார் என்றார்கள். அடுத்த தடவை தேர்தல் வேலை. வத்தலும் மல்லியும் சுமந்து வந்த பெண்கள் பூட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். "ஊரு ஞாயம் பேசப் போயிட்டா, இனி யாரு அரைக்க?" என்று அவள் காதுபடவே பேசினார்கள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. கூட்டத்தில் சொன்னபடி பங்குனி வெயிலில் நேரில் வந்தார். ஓடைக்குள் இறங்கி மணலை அள்ளிப் பார்த்தார்.

"ஓடைதாம்மா. எனக்குக் கண்ணு தெரியாமயா இருக்கு? ஆனா ரெக்கார்டுல இது புறம்போக்கு இல்ல, பட்டா நெலம். வித்தவரு வித்துட்டாரு, வாங்கினவரு வாங்கிட்டாரு. நான் என்ன செய்ய?"

விற்றவர் வேறு யாருமில்லை, அவளுடைய தாய்மாமன் முத்துராமலிங்கம். வேலிக்கருவை நிழலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஜீப் கிளம்பியதும் அவள் அவரிடம் பாய்ந்தாள்.

"கேட்டீகளா மாமா? ஓடையவும் சேத்தா வித்தீக?"

"கத்தாத தாயி. வானத்தப் பாத்து வெதச்சு வெதச்சு என்னத்தக் கண்டேன்? கேட்டு வந்தாக, குடுத்தேன். ஒனக்கு மில்லு ஓடுது. எனக்கு என்ன ஓடுது?"

அவள் மில்லுக்குத் திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அந்தக் கேள்விதான் அவளைக் குடைந்தது.

ஆடியில் முடிவு வந்தது. உச்சிச் சரிவு மனைகளை மட்டும் நீக்கிவிட்டு மற்றதற்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். ஓடைக்காகச் சாலையின் அடியில் ஒரு குழாய் பதித்தால் போதுமாம்.

"பாதி ஜெயிச்சிட்டியே" என்றான் கணவன் சுப்புராஜ்.

அவள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "கரட்டுத் தண்ணி பூராம் ஒரு கொழாய்க்குள்ள போயிருமா? வாயில நல்லா வருது."

விருதுநகருக்குப் போய் மேல்முறையீடு கொடுத்தாள். பதில் வருவதற்குள் சாலை வந்தது, குழாய் வந்தது, மனைக்கல்லும் நட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு பகல் முழுக்க மழை கொட்டியது. சரளையும் கருவை முள்ளும் அடித்து வந்து குழாயை அடைத்துக்கொள்ள, தண்ணீர் சாலையோரமாகத் திரும்பிக் கண்மாயை விட்டு எங்கோ போய்க்கொண்டிருந்தது. தங்கச்செல்வி சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மண்வெட்டியோடு ஓடினாள். அங்கே அவளுக்கு முன்பே ஒருவர் சாலையை வெட்டிக்கொண்டிருந்தார். மாமா.

"நீங்க எதுக்கு மாமா?"

"நெலத்தத்தான வித்தேன். பேசாம வெட்டு."

இருவரும் வெட்டினார்கள். சாலை பிளந்து, கலங்கல் தண்ணீர் கண்மாய்ப் பக்கம் பாய்ந்தது.

மறுநாள் ராஜகுருவின் ஆட்கள் போலீசில் புகார் கொடுத்தார்கள். இனிமேல் சாலையைத் தொடமாட்டோம் என்று ஸ்டேஷனில் இருவரிடமும் எழுதி வாங்கினார்கள். மாமா உடனே கையெழுத்துப் போட்டார். அவள் மாட்டேன் என்று சாயங்காலம் வரை ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். சுப்புராஜ் வந்து கெஞ்சிய பிறகுதான் போட்டாள். திரும்பி வந்து பார்த்தால், வெட்டிய இடத்தை ஜேசிபி வைத்து மூடியிருந்தார்கள். அடியில் அதே குழாய்.

கண்மாயில் கால்வாசித் தண்ணீர் நின்றது. மடைக்குப் பக்கத்து வயல்காரர்கள் நெல் நட்டார்கள். மேல்முறையீட்டு விசாரணைக்கு என்னோடு வாருங்கள் என்று அவள் கேட்டபோது, நடவு வேலை இருக்கிறது என்றார்கள்.

"நான் வாரேன் தாயி, தேதி வந்தாச் சொல்லு" என்றார் மாமா.

தேதிதான் இன்னும் வரவில்லை.